வீடு மாற்றிக்கொண்டவர்கள்

ஒரேஷ்கா
9 செப்டம்பர் 2003

மதிப்பிற்குரிய ஸ்மில்யா அவர்களுக்கு,

உறையின் மேல் முகவரியை யோசிக்காமலே எழுதிவிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து அது என் முகவரியாகத்தானே இருந்தது. உங்கள் பெயரை எழுதத்தான் பேனாவை நிறுத்தி யோசிக்க வேண்டியிருந்தது.

நான் ரொஸாலியா. நாம் ஒரே ஒரு முறை சந்தித்திருக்கிறோம், 1992 கோடையில், ஹங்கேரியில் அந்த வக்கீலின் அறையில். எங்களைப் போன்ற குரோஷியர்கள் செர்பியாவில் இருக்க முடியாது, உங்களைப் போன்ற செர்பியர்கள் குரோஷியாவில் இருக்க முடியாது என்று ஆகிப்போன கோடை அது. விஷ்னேவோவில் இருந்த எங்கள் வீட்டை உங்களுக்கும், ஒரேஷ்காவில் இருந்த உங்கள் வீட்டை எங்களுக்கும் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். நீங்கள் சாம்பல் நிற உடுப்பு போட்டிருந்தீர்கள். சாவியைக் கொடுக்கும்போது, "அடுப்பு கொஞ்சம் புகையும், காத்து மாறினா நின்னுடும்" என்று மட்டும் சொன்னீர்கள். வேறு எதுவும் நாம் பேசவில்லை. நம் இருவரின் கணவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக்கூட இல்லை.

இத்தனை வருஷம் கழித்து எழுதக் காரணம் என் கணவர் அந்துன். விஷ்னேவோவில் பஸ் ஓட்டியவர். உங்கள் தெருவில் கேட்டால் சொல்வார்கள். அவருக்கு இரண்டு வருஷமாக ஞாபகம் தவறிக்கொண்டே வருகிறது. இனி சரியாகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். காலையில் எழுந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு இங்குள்ள பஸ் நிலையத்துக்குப் போய்விடுகிறார். "வீட்டுக்குப் போகணும்" என்கிறார். இதுதான் வீடு என்று நான் சொன்னால், பொய்க்காரியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்க்கிறார். இங்குள்ள டிரைவர்கள் நல்ல பிள்ளைகள். "இன்னைக்கு விஷ்னேவோ வண்டி ரிப்பேர் பெரியவரே, நாளைக்குப் பாக்கலாம்" என்று சொல்லி, காபி வாங்கிக் கொடுத்து, கையைப் பிடித்துத் திருப்பி அழைத்து வருகிறார்கள். எத்தனை நாளைக்குத்தான் வண்டி ரிப்பேராக இருக்கும்?

இப்போது எல்லையைக் கடக்க விசா வேண்டாமாம். ஒரே ஒரு நாள் அவரை அங்கே அழைத்து வரலாமா? காலை பஸ்ஸில் வந்து மாலை பஸ்ஸில் திரும்பிவிடுவோம். நீங்கள் எதுவும் சமைக்க வேண்டாம். உட்கார ஓர் இடம் கொடுத்தால் போதும்.

உங்கள் தொலைபேசி எண் எனக்குத் தெரியும், அதுவும் என் பழைய எண்தான். ஆனால் என் வீட்டிலிருந்து வேறு ஒருவர் குரல் வந்தால் எனக்குப் பேச்சு வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

ரொஸாலியா

*

விஷ்னேவோ
2 அக்டோபர் 2003

ரொஸாலியா அம்மாவுக்கு,

சுற்றி வளைத்துப் பேச எனக்குத் தெரியாது. வர வேண்டாம்.

காரணம் சொல்கிறேன், நீங்களே யோசித்துப் பாருங்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குப் போன வருஷம் பழைய சொந்தக்காரர்கள் வந்தார்கள். சும்மா பார்த்துவிட்டுப் போகிறோம் என்றார்கள். முற்றத்தில் நின்று அழுதார்கள். காபி குடித்தார்கள், போட்டோ எடுத்தார்கள். இலை உதிர்வதற்குள் வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டது. மிரட்டிக் கையெழுத்து வாங்கினார்களாம், பத்திரம் செல்லாதாம். உங்களை யாரோ மிரட்டினார்கள், சரி. எங்கள் கிணற்றடியில் குண்டு வெடித்ததே, அது என்ன கல்யாண வாணவேடிக்கையா?

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்று சொல்லுவீர்கள். அவர்களும் அப்படித்தான் சொன்னார்கள்.

இன்னொன்று. என் கணவர் கோய்கோ கொத்தனார். ஊரார் வீடுகளைக் கட்டிவிட்டு, மிச்ச நேரத்தில் ஒவ்வொரு செங்கல்லாக அவரே கட்டியது அந்த ஒரேஷ்கா வீடு. நான் சாந்து சுமந்திருக்கிறேன். அந்த ஊரின் பெயரை இந்த வீட்டில் யாரும் சொல்லக் கூடாது. யாராவது எந்த ஊர் என்று கேட்டால் விஷ்னேவோ என்பார், முடிந்தது. உங்கள் கடிதத்தை மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன்.

உங்கள் கணவரை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் தேடுகிற வீடு இங்கே இல்லை. கோய்கோவுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. சமையலறைக்கும் சின்ன அறைக்கும் நடுவில் இருந்த சுவரை இடித்துவிட்டார். கதவு, ஜன்னல், தரை எல்லாவற்றிலும் கை வைத்துவிட்டார். வந்தால் பெரியவர் இன்னும் குழம்பிப்போவார்.

அங்கே முற்றத்துப் பேரிக்காய் மரத்தை நீங்கள் வெட்டிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். வெட்டியது உங்கள் உரிமை. தெரிந்துகொள்ளக் கேட்கிறேன், அவ்வளவுதான்.

ஸ்மில்யா

*

ஒரேஷ்கா
24 அக்டோபர் 2003

ஸ்மில்யா அவர்களுக்கு,

பேரி மரத்தை நாங்கள் வெட்டவில்லை. ஒரு புயலில் இரண்டாகப் பிளந்தது. பாதி விழுந்துவிட்டது. மீதிப் பாதியை அந்துன் பஸ் இழுக்கிற சங்கிலியால் கட்டி நிறுத்தினார். பார்க்கக் கைதி மாதிரி நிற்கிறது, ஆனால் காய்க்கிறது. உங்களிடம் சொன்னவர் விழுந்த பாதியை மட்டும் பார்த்திருக்கிறார்.

வீட்டைக் கேட்டு வருகிறேன் என்று நினைத்துவிட்டீர்கள். அப்படி நினைக்க உங்களுக்குக் காரணம் இருக்கலாம். ஆனாலும் வலித்தது. இங்கே வந்த பிறகு வெகுநாள் நான் பெட்டியிலிருந்து தட்டுமுட்டுகளை எடுத்து அடுக்கவே இல்லை. இன்றைக்கும், யாராவது வந்து நல்ல வீடு என்றால், "ஆமாம், நல்லா கட்டியிருக்காங்க" என்கிறேனே தவிர, என் வீடு என்று வாயில் வருவதில்லை. அடுத்தவர் பாத்திரத்தில் சாப்பிடுகிற மாதிரி கவனமாக வாழ்ந்து பழகிவிட்டேன். அங்கே திரும்பி வந்து இன்னொருத்தியைக் கிளப்பிவிட்டு உட்காருகிற தெம்பு எனக்கு இல்லை, ஆசையும் இல்லை.

போன வெள்ளிக்கிழமை மழையில் அந்துன் பஸ் நிலையத்துக்குப் போகவில்லை. வண்டி எப்போதும் ரிப்பேர் என்பதால் நடந்தே கிளம்பிவிட்டார். ஊரெல்லாம் தேடினோம். பீட்ரூட் வயலில், காலில் ஒரு செருப்போடு நின்றுகொண்டிருந்தவரை டிராக்டர்காரர் ஒருவர் பார்த்து ஏற்றி வந்தார். காய்ச்சல் இப்போதுதான் இறங்கியிருக்கிறது.

கேட்டது தவறு என்றால் மன்னியுங்கள். இனி எழுதித் தொல்லை செய்ய மாட்டேன்.

ரொஸாலியா

*

விஷ்னேவோ
19 நவம்பர் 2003

ரொஸாலியா அம்மாவுக்கு,

காய்ச்சல் முழுசாக விட்டதா? அதை எழுதாமல் கடிதத்தை முடித்துவிட்டீர்கள்.

ஒரு செருப்பு என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததிலிருந்து சாப்பிட உட்காரும்போதெல்லாம் அந்த மனிதர் வயலில் நிற்பதுதான் கண்ணில் தெரிகிறது. எதற்காக எனக்கு இதையெல்லாம் எழுதினீர்கள் என்று உங்கள் மேல் கோபம்கூட வந்தது.

உங்களிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். நாங்கள் இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் எங்களுக்கு வேலை இல்லை, கடையில் சாமான் இல்லை. உங்கள் சாமான் அறையைத் திறந்தேன். ப்ளம் ஜாம், ஊறுகாய், வெயிலில் காயவைத்த பீன்ஸ். ஒவ்வொரு பாட்டிலின் மேலும் உங்கள் கையெழுத்தில் மாதமும் வருஷமும். வக்கீல் ஆபீஸுக்குப் போகப்போகிறோம் என்று தெரிந்த மாதத்தில்கூட ஜாம் காய்ச்சியிருக்கிறீர்கள். பொம்பளைக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா என்று நினைத்தேன். பிறகு உட்கார்ந்து அழுதேன், ஏனென்றால் நானும் அதே மாதம் அங்கே குடைமிளகாயைச் சுட்டு அய்வார் துவையல் அரைத்து வைத்துவிட்டுத்தான் வந்திருந்தேன். அந்தக் குளிர்காலம் உங்கள் ஜாமில்தான் ஓடியது. நன்றி சொல்ல இத்தனை வருஷம் ஆயிற்று.

ஈஸ்டருக்கு அடுத்த சனிக்கிழமை வாருங்கள். இந்தக் குளிரில் பெரியவரை இழுத்துக்கொண்டு வர வேண்டாம். வருகிற வருஷம் உங்கள் கத்தோலிக்க ஈஸ்டரும் எங்கள் ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டரும் ஒரே நாளில் விழுகிறது, அதனால் யார் விரதம், யார் விருந்து என்ற குழப்பம் இல்லை. கோய்கோவை அன்றைக்குத் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன். அவரிடம் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

உங்கள் வீட்டில் எது எது எங்கே இருந்தது என்று விவரமாக எழுதுங்கள். இடித்த சுவரைக் கட்ட முடியாது. மற்றதை நகர்த்தலாம்.

ஸ்மில்யா

*

ஒரேஷ்கா
14 டிசம்பர் 2003

அன்புள்ள ஸ்மில்யாவுக்கு,

காய்ச்சல் விட்டுவிட்டது. உங்கள் கடிதத்தைச் சமையலறையில் நின்றபடியே படித்தேன். சூப் அடிப்பிடித்தது.

நீங்கள் உண்மையைச் சொன்னதால் நானும் சொல்கிறேன். உங்கள் அய்வாரை முதலில் நாங்கள் தொடவில்லை. "விஷம் வச்சிருப்பாங்க, கொட்டு" என்றார் அந்துன். எனக்குக் கொட்ட மனம் வரவில்லை. ஒரு நாள் அவர் வேலை தேடிப் போயிருந்தபோது ஒரு கரண்டி தின்றுவிட்டுச் சாவுக்காகக் காத்திருந்தேன். சாயங்காலம் வரை சாகவில்லை. அவர் வந்ததும் ரொட்டியில் தடவிக் கொடுத்தேன். "யார் செஞ்சது?" என்று கேட்டார். "செத்தவங்க யாரும் இல்ல, தின்னுங்க" என்றேன். உங்களைப்போல வேறு யாரும் பூண்டு அவ்வளவு போடுவதில்லை.

வீடு பற்றி. கட்டில் தெருப் பக்க ஜன்னலுக்குக் கீழே இருந்தது. அவர் முதல் பஸ்ஸை எடுக்கிறவர், எழுந்ததும் பனி விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார். சாப்பாட்டு மேசை கணப்புக்குப் பக்கத்தில், சுவரை ஒட்டி. அதன் பின்னால் நீளமான மரப் பெஞ்சு, முதுகு இல்லாதது. அதில்தான் மதியம் கொஞ்ச நேரம் படுப்பார். முற்றத்தில் திராட்சைக் கொடிக்குக் கீழே ஒரு நாற்காலி, முகம் வாசலைப் பார்த்தபடி. ஜன்னல் திரை என்ன நிறம் என்று எழுதப் போனேன், ஞாபகம் வரவில்லை. இருபத்து நாலு மணி நேரமும் பார்த்துக்கொண்டிருந்த திரை. அவரைக் கேட்டேன். "எந்தத் திரை?" என்றார். நாங்கள் இரண்டு பேரும் ஒன்றுதான் போலிருக்கிறது.

உங்களுக்குச் சில விஷயங்களை முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். அவர் ரொட்டித் துண்டைச் சட்டைப்பையில் ஒளித்து வைப்பார். கண்டுகொள்ளாதீர்கள். உங்களை டிக்கெட் எடுக்காத பயணி என்று நினைத்தாலும் நினைப்பார். எதற்கும் இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த ஒரு வார்த்தைதான் அவரைக் கலக்குகிறது. மாற்று உடை நான் கொண்டுவருவேன்.

உங்கள் வீட்டை நான் எப்படி வைத்திருக்கிறேன் என்று நீங்கள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்டால் எழுதுகிறேன்.

ரொஸாலியா

*

விஷ்னேவோ
11 பிப்ரவரி 2004

ரொஸாலியா அம்மாவுக்கு,

கேட்கவில்லை, ஏனென்றால் கேட்டால் நிறுத்த மாட்டேன்.

கட்டிலை நகர்த்திவிட்டேன். தனியாகத்தான். பாதி வழியில் அது ஓரிடத்தில் மாட்டிக்கொண்டது. அதன் மேலேயே உட்கார்ந்து, இது என்ன வேலை எனக்கு, பைத்தியக்காரி என்று என்னையே திட்டிக்கொண்டேன். அப்போதுதான் கோய்கோ உள்ளே வந்தார்.

"என்ன நடக்குது இங்க?" என்றார்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மாவு டப்பாவுக்குப் பின்னாலிருந்து கடிதங்களை எடுத்துக் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை.

"அவன் வீட்டை அவன் வந்து பாக்கலாம். என் வீட்டை நான் பாக்க முடியாது. அப்படித்தானே?"

"உங்கள யாரு தடுத்தா?" என்றேன்.

பட்டறைக்குப் போய்விட்டார். பல நாள் எங்களுக்குள் உப்பை எடு, கதவைச் சாத்து என்ற அளவில்தான் பேச்சு. என்னை அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது என்று எழுத நினைத்தேன், ஆனால் அவர் ஒருநாளும் கை ஓங்கியதில்லை. அதனால் அப்படி எழுதக் கூடாது.

உங்கள் மரப் பெஞ்சை எங்கும் காணோம் என்று தேடிக்கொண்டிருந்தேன். அது இவ்வளவு காலமாகப் பட்டறையில், இவருடைய சுத்தியல்களுக்கும் வாளிகளுக்கும் கீழே கிடந்திருக்கிறது. போன வாரம் நான் சந்தையிலிருந்து திரும்பி வந்தபோது கணப்புக்குப் பக்கத்தில் சுவரை ஒட்டிக் கிடந்தது. சாந்துக் கறையெல்லாம் இழைத்து எடுத்து, கால் ஆடாமல் ஆப்பு வைத்து. அன்றைக்கு மட்டும் வீட்டில் இருக்க மாட்டேன் என்றார்.

ஏப்ரல் 17. காலை பஸ்.

ஸ்மில்யா

*

ஒரேஷ்கா
22 மார்ச் 2004

அன்புள்ள ஸ்மில்யா,

நாம் இதை விட்டுவிடலாம்.

அந்துன் இப்போது சில நாள் என்னையே அடையாளம் தெரியாமல் இருக்கிறார். நேற்று முன்தினம் நான் கோழிக்குத் தீனி வைத்துவிட்டு வருவதற்குள் கதவைத் தாழிட்டுவிட்டார். ஜன்னல் வழியாக, "வீட்டுக்காரி இல்லம்மா, அப்புறம் வாங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். எனக்கு அதுதான் தாங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் திறந்தபோது அந்துன் பயந்துபோய் என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கிவிட்டார். வீங்கியிருக்கிறது. அதனால்தான் எழுத்து இப்படி.

இந்த நிலைமையில் அவரை எல்லை தாண்டி அழைத்து வந்து, உங்கள் வீட்டில் ஏதாவது ஆகி, உங்களுக்கும் உங்கள் கணவருக்கும் நடுவில் இன்னும் கசப்பாக வேண்டாம். நீங்கள் செய்ததே போதும். உண்மையாகச் சொல்கிறேன்.

ரொஸாலியா

*

விஷ்னேவோ
30 மார்ச் 2004

ரொஸாலியா அக்கா,

கட்டிலை நகர்த்தி என் இடுப்பு போய்விட்டது. இப்போது வரவில்லை என்றால் எப்படி?

நல்ல நாளாக அமைந்தால் நல்லது. கெட்ட நாளாக இருந்தால் இரண்டு பேராகச் சமாளிப்போம். நீங்கள் அங்கே ஒருத்தியாகத்தானே சமாளிக்கிறீர்கள்?

கசகசா வைத்துச் சுருட்டிய ரொட்டி அவருக்குப் பிடிக்குமா? பிடிக்காவிட்டாலும் அதைத்தான் செய்யப் போகிறேன்.

பஸ் நிலையத்தில் நிற்பேன். சாம்பல் நிற உடுப்புக்குள் இப்போது என்னால் நுழைய முடியாது. பச்சைக் கோட்டு.

ஸ்மில்யா

*

ஒரேஷ்கா
21 ஏப்ரல் 2004

அன்புள்ள ஸ்மில்யா,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். மறுநாளே எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை.

நீங்கள் கவனித்தீர்களா என்று தெரியவில்லை. சமையலறைக்குள் நுழையும்போது அந்துன் தலையைக் குனிந்தார். எங்கள் காலத்தில் அந்தக் கதவு நிலை தாழ்வாக இருந்தது, உயரமானவர்கள் எல்லோரும் இடித்துக்கொள்வார்கள். உங்கள் கணவர் அதை உயர்த்திவிட்டார். இவர் ஒன்றுமில்லாத இடத்துக்குக் குனிந்து நிமிர்ந்தார். அது ஒன்றுதான். வேறு எதையும் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, கசகசா ரொட்டியைத் தின்று, ஒரு துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "நல்ல ஜனங்க. இது யாரு வீடு?" என்று என்னைக் கேட்டபோது, உங்கள் முகம் வாடியதைப் பார்த்தேன். இவ்வளவு பாடுபட்டுச் செய்ததெல்லாம் வீணாயிற்றே என்று நினைத்திருப்பீர்கள்.

வீணாகவில்லை. நான் இருந்தேனே. தெரு ஜன்னலுக்குக் கீழே அந்தக் கட்டிலைப் பார்த்ததும் அதன் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். என் மகள் பிறந்த கட்டில் அது. ஜெர்மனிக்குப் போனவள், வருஷத்துக்கு ஒருமுறை போனில் பேசுகிறாள். நீங்கள் பார்க்காதது மாதிரி திரும்பி நின்று காபிப் பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டிருந்தீர்கள். அதற்கும் நன்றி. எல்லாவற்றையும் அவருக்காகத்தான் வைத்தீர்கள், ஆனால் வந்து பார்த்தது நான்.

கல்லறைக்கு என்னைத் தனியாகப் போகவிட்டு, அவரை நீங்கள் பார்த்துக்கொண்டீர்கள். அம்மா, அப்பா கல்லைச் சுற்றிப் புல் நிறைய இருந்தது, பிடுங்கிவிட்டு வந்தேன். திரும்பி வந்து வாசலில் நுழைந்தால் உங்கள் கணவர். அவர் மாலை வரை வர மாட்டார் என்றுதானே சொல்லியிருந்தீர்கள்? கொடிக்குக் கீழே அந்துன் நாற்காலிக்கு எதிரில், கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். முகம் எப்படியோ இருந்தது. நான் கை நீட்டினேன். அவர் என்னைத் தாண்டி வெளியே போய்விட்டார். அந்துன் ஏதாவது தகாத வார்த்தை பேசியிருக்க வேண்டும். என்ன பேசினார் என்று உங்களிடம் கேட்க அப்போது எனக்குத் துணிச்சல் இல்லை. என்னவாக இருந்தாலும் அவர் சார்பில் நான் மன்னிப்புக் கேட்டேன் என்று உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் எழுத முடியாமல் இருந்தேன். நீங்கள் சாப்பாடு கட்ட உள்ளே போயிருந்தீர்கள். அந்துன் என் பக்கம் திரும்பி, நல்ல தெளிவான குரலில், பழைய குரலில் சொன்னார்:

"எங்க போயிட்ட ரோசா? கிளம்பு, வீட்டுக்குப் போவோம். கோழிய அடைக்கணும்."

விஷ்னேவோவில் எங்களிடம் கோழி இருந்ததே இல்லை. அவர் சொன்னது இந்த வீட்டை. உங்கள் வீட்டை.

இரண்டு வருஷமாக வீடு வீடு என்று அவர் அலைந்தது எங்கே போக என்று இப்போது எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது. பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கினார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரேஷ்கா தேவாலயக் கோபுரம் தெரிந்ததும், அப்பாடா வந்துவிட்டோம் என்று மனசு சொல்லியது. என் மனசுதான் சொல்லியது, ஸ்மில்யா. சொன்ன பிறகுதான் கவனித்தேன்.

மறுநாள் காலை அவர் மறுபடியும் பஸ் நிலையத்துக்குக் கிளம்பினார். எங்கே என்று கேட்டேன். "வேலைக்கு" என்றார்.

ரோசா

*

விஷ்னேவோ
16 மே 2004

ரோசா அக்கா,

மன்னிப்பெல்லாம் வேண்டாம். அந்துன் அண்ணன் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியும். சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. அப்போதே சொல்லாததற்குக் காரணம், இவர் அதை எப்படி எடுத்துக்கொள்வார் என்று எனக்கே தெரியாது. இத்தனை நாள் காத்திருந்து இப்போது எழுதுகிறேன்.

நீங்கள் கல்லறைக்குப் போன கொஞ்ச நேரத்தில் கோய்கோ வந்தார். மட்டப் பலகையை மறந்துவிட்டாராம். தங்கை வீட்டில் மட்டப் பலகை எதற்கு என்று நான் கேட்கவில்லை. முற்றத்தைக் கடந்து பட்டறைக்குப் போகப் பார்த்தார். அண்ணன் விடவில்லை.

"பஸ்ஸுக்கா? உக்காருங்க, இன்னும் நேரமிருக்கு" என்றார்.

இவர் நின்றார். பிறகு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். ஏன் உட்கார்ந்தார் என்று இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை.

"எந்த ஊரு நீங்க?" என்று அண்ணன் கேட்டார்.

விஷ்னேவோ என்று சொல்லப்போகிறார் என்று நான் உள்ளே நிற்கிறேன். வாளி தரையில் உராய்ந்தது. அப்புறம், "ஒரேஷ்கா" என்றார் கோய்கோ. அக்கா, என் கையிலிருந்த கத்தியை நான் மேசையில் வைத்துவிட்டேன்.

"அட, நம்ம ஊரு! எந்தத் தெரு?"

"ஆலைத் தெரு."

"நானும் ஆலைத் தெருதான். உங்கள நான் பார்த்ததில்லையே."

பிறகு அண்ணன் வீட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். எங்கள் வீட்டைப் பற்றி, இவரிடமே. மழை எந்தப் பக்கம் அடித்தாலும் ஒரு சொட்டு உள்ளே வராது என்றார். எந்தக் கொத்தனார் கட்டினாரோ, கெட்டிக்காரர் என்றார். மாடிப்படி ஒவ்வொன்றும் மயிரிழை பிசகாமல் ஒரே அளவு, அவர் டிரைவர், கால் வைத்தாலே தெரிந்துவிடுமாம்.

"கட்டினவரு இப்ப எங்க?" என்று கோய்கோ கேட்டார்.

"தெரியலையே" என்றார் அண்ணன். "வருவாரு. கையால கட்டினவரு ஒரு நாளாச்சும் பாக்க வராம இருப்பாரா? வந்தா நல்லா கவனிக்கணும்னு வீட்டுல சொல்லி வச்சிருக்கேன். நீங்களும் ஒரு நடை வாங்க. ஒரே தெருவுல இருந்துக்கிட்டு வராம இருந்தா எப்படி?"

அந்த நேரம்தான் நீங்கள் வாசலில் வந்து நின்றீர்கள். இவர் உங்கள் கையைப் பற்றவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பற்றியிருந்தால் உங்கள் முன்னால் உடைந்திருப்பார், அதனால்தான் போனார். ஆற்றங்கரை வரை போய்விட்டு, நீங்கள் பஸ் ஏறிய பிறகுதான் திரும்பினார்.

அப்புறம் நாள்கணக்கில் பட்டறையிலேயே கிடந்தார். நான் பயந்துகொண்டேதான் இருந்தேன். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கரண்டியை வைத்துவிட்டு, "படியெல்லாம் ஒரே அளவுன்னு சொன்னாரு பாத்தியா?" என்றார். "ஒரு வாரம் அதுக்காகவே மண்டைய உடைச்சுக்கிட்டேன். அண்ணன் தம்பி, சொந்தம், ஊர்க்காரன் எத்தன பேரு ஏறி இறங்கினான்? கவனிச்சது அவரு ஒருத்தர்தான்." அப்படியே விடாமல் பேசினார். எந்தச் சூளைச் செங்கல், எந்த ஆற்று மணல், கூரை போட்ட அன்றைக்கு யார் குடித்துவிட்டுக் கீழே விழுந்தது. ஒரேஷ்கா, ஒரேஷ்கா என்று அந்தப் பெயர் இந்த வீட்டுச் சுவரெல்லாம் மோதியது. நான் மறுபடி பரிமாறக்கூட எழவில்லை, எழுந்தால் நிறுத்திவிடுவாரோ என்று.

நேற்றுக் காலை சவரம் பண்ணிக்கொண்டே, கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னார்: "வீட்டுக்காரரே வாய்விட்டுக் கூப்பிட்டிருக்காரு. போகலைன்னா மரியாதை இல்ல."

அவர் யாரை வீட்டுக்காரர் என்றார் என்று எனக்குப் புரியக் கொஞ்சம் நேரமாயிற்று.

ஜூன் கடைசிச் சனிக்கிழமை காலை பஸ்ஸில் கிளம்புகிறோம். உங்களுக்குத் தோதுப்படாவிட்டால் எழுதுங்கள். அந்துன் அண்ணனுக்கு அன்றைக்கு இவரை அடையாளம் தெரியாமல் போகலாம், நான் சொல்லி வைத்திருக்கிறேன். பரவாயில்லை என்கிறார்.

இதை எழுத உட்கார்ந்தபோது, யார் வருகிறோம் என்று எழுதுவது என்று அவரைக் கேட்டேன். பழைய சொந்தக்காரர்கள் என்றா, கட்டிய கொத்தனார் என்றா, எது அவர் மனசுக்கு ஒப்பும் என்று எனக்குத் தெரியவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கொஞ்சம் யோசித்தார்.

"விருந்தாளிங்க ரெண்டு பேருன்னு எழுது" என்றார்.

ஸ்மில்யா